இடது கைப் பிடி

மாதா கோயிலுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைச் சடுகுடு நடக்கிறது. சாயும் வெயிலில் செம்மண் புழுதி பறக்கிறது. போன அறுவடையின்போது லேசாகப் பக்கவாதம் அடித்த அல்போன்ஸ், இடது கால் இழுக்க, கோட்டோரம் நிற்கிறார். டாக்டர் நடக்கத்தான் சொன்னார். அவர் ஆட வந்துவிட்டார். பாடி வரும் மைத்துனன் சவரி எல்லோரையும் எட்டி உதைக்கிறான். அவரிடம் மட்டும் கையை வெறுமனே வீசிவிட்டு விலகுகிறான். அந்த இரக்கம் அல்போன்ஸுக்குப் பொறுக்கவில்லை. வலது கையால் அவன் செவுளில் அறைகிறார். "என்னெப் பொணம்னு நெனச்சியாடா? ஆடறதுன்னா ஆடு." சவரி ரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி பாடி வருகிறான், நெஞ்சிலேயே உதைக்கிறான். மல்லாந்து விழுகிற அல்போன்ஸ் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறார். சவரி உதறுகிறான், மிதிக்கிறான். அவர் மூக்கு உடைந்து மீசை சிவக்கிறது. பிடி தளரவில்லை, சவரியின் பாட்டுதான் அறுகிறது. "வுடுங்க மாமா, நான் அவுட்டு." மனைவி மதலேனம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்து, அந்த விரல்களைப் பிரிக்கக் குனிகிறாள். காலையில் காபி தம்ளரை நழுவவிட்ட அதே இடது கை. "பிரிக்காத," என்கிறார் அல்போன்ஸ், கோணிய வாயால். "செத்த நேரம் இருக்கட்டும்."