பகா எண் மாப்பிள்ளை

ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணின் கைப்பேசி எண்தான் பொருந்தவில்லை. கல்லூரியில் கணக்கு எடுக்கும் செந்தூரன் அந்தப் பத்து இலக்க எண்ணைக் காலையிலிருந்து வகுத்துக்கொண்டிருந்தான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று எதற்கும் மசியாத எண், பதின்மூன்றில் மீதியே இல்லாமல் விழுந்துவிட்டது.

"இந்த இடம் வேண்டாம்மா. என் நம்பர் பகா எண், எதாலயும் வகுபடாது. ஆயிரம் வரைக்கும் வகுத்துப் பாத்துட்டுதான் அந்த சிம்மையே வாங்கினேன்."

"செவ்வாய் தோஷம்னாகூடப் பரிகாரம் இருக்கு. இதுக்கு எந்தக் கோயிலுக்குடா போறது?"

வேறு வழி தெரியாமல் அம்மா பெண் வீட்டுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். போனைப் பெண்ணே வாங்கினாள்.

"அத்தை, அவர் நம்பரை ஆயிரத்து ஒன்பதால வகுக்கச் சொல்லுங்க," என்றாள் வான்மதி. "ரெண்டு பேருக்கும் தோஷம் இருந்தாப் பொருத்தம்தானே?"

செந்தூரன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேப்பரைத் தேடினான். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, மீதி எதுவும் வந்துவிடக் கூடாதென்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள்.