விளிம்புவரை டீ

இந்த உலகத்தில் குலுங்காதவை இரண்டே இரண்டு. ஒன்று இமயமலை. மற்றது, ஜப்பானிலிருந்து வந்த டீசல் எக்ஸ்பிரஸ்.

சொன்னவர் இமயமலையைப் பார்த்ததில்லை.

எக்ஸ்பிரஸை ரங்கூனில் பத்து வருஷம் ஓட்டி ஓய்வுபெற்றவர். பயணியாக அதில் உட்காருவது இன்றுதான் முதல்முறை.

பக்கத்து இருக்கையில் அரிசி ஆலை வைரவன். டிரைவர் மகள் உமையாளைத் தன் பையனுக்கு எடுப்பதா வேண்டாமா என்று பெகு போய்ச் சேர்ந்ததும் சொல்வதாக இருக்கிறார்.

"என்ன இருந்தாலும், ஊரான் கழிச்சுப் போட்ட வண்டிதானே டிரைவரே?"

உமையாளையே சொன்னதுபோல் சுருக்கென்றது.

கழித்த வண்டியா?

ஆள் உயரப் பனியைப் பிளந்துகொண்டு மலையேறிய வண்டி. புதுசாகக் கல்யாணமானவர்கள் அடித்துப் பிடித்து இடம் போட்ட வண்டி. அதிவேக ரயில் வந்து கூட்டத்தையெல்லாம் கொண்டுபோன பிறகும், நாலு பேருக்காக நேரம் தவறாமல் ஓடியது. கடைசியில் கப்பலேறி, நம் குறுகலான தண்டவாளத்துக்காகச் சக்கரங்களை நெருக்கிக்கொண்டு, இந்த வேக்காட்டிலும் முணுமுணுக்காமல் உழைக்கிறது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மட்டும் இன்னும் பனியை எதிர்பார்க்கிறது.

வாயால் சொல்லி என்ன?

பிளாஸ்க்கைத் திறந்தார். டம்ளரின் விளிம்புவரை டீ ஊற்றி நீட்டினார்.

"பிடிங்க. ஒரு சொட்டு சிந்துனா நான் டிரைவரே இல்ல."

வைரவன் தன் பட்டு வேட்டிக்கு நேர் மேலே டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

காலடியில் எஞ்சின் உறுமியது. ஜன்னலுக்கு வெளியே, பக்கத்துத் தண்டவாளத்து மாண்டலே வண்டி பின்னால் நகரத் தொடங்கியது. மெல்ல. பிறகு வேகமாக.

டீ அசையவில்லை.

வைரவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்.

"அடேயப்பா! வழுக்கிக்கிட்டில்ல போகுது! நம்ம கார்லகூட இந்தச் சொகுசு கிடையாதே!"

"ஜப்பான்காரன்!" என்றார் இவர், தானே பெற்று வளர்த்ததுபோல.

"பெகு வரைக்கும் எதுக்கு? தை பொறந்ததும் நாள் குறிச்சிடுவோம் சம்பந்தி."

சம்பந்தி.

இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தெரியாமல் துடைத்துக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பினார்.

மாண்டலே வண்டியின் கடைசிப் பெட்டியும் கடந்து போயிற்று. அதுவரை மறைந்திருந்த ரங்கூன் ஸ்டேஷன் பெயர்ப்பலகை எதிரே நின்றது.

இவர்கள் வண்டி இன்னும் புறப்படவில்லை.