சாரிக்கு மேலே ஒரு வார்த்தை

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து விழா. முகூர்த்தம் பத்தரை மணி வரைதான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் ஜானகிராமன் வாசலைத் தாண்டி உள்ளே வர மறுத்தார்.

"வாங்கன்னு ஒரு ஆளு கூப்புடல. நான் இன்னா, பந்திக்கு எல போட வந்தவனா?"

குழந்தையின் அப்பா தமிழ்வாணன் ஓடி வந்தார். "சாரி மச்சான்."

"சாரியா? அது பஸ்ல கால மிதிச்சா சொல்றது."

"சரி, ரிக்ரெட் பண்றேன்."

"ரயிலு லேட்டானா மைக்ல சொல்றானே, அதுதானே? எனக்கு வேணாம்."

"அப்ப அப்பாலஜி."

"அது மெமோ வாங்குனவன் எழுதிக் குடுக்கறது மாப்ள."

தங்கை பிரபா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "ண்ணா, நேரம் போவுது. நீ இல்லாம புள்ளைக்குக் காது குத்த முடியுமா?"

"முடியாதுல்ல? அப்ப உன் வூட்டுக்காரரத் தமிழ்ல சொல்லச் சொல்லு."

பெற்ற தாயிடம்கூட அந்த வார்த்தையைச் சொல்லியிராத தமிழ்வாணன், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க மச்சான்."

வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஜானகிராமனின் மனைவி வரலட்சுமி மூச்சு வாங்க இறங்கினாள். ஜானகிராமன் ஊரப்பாக்கம் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த சீர்த்தட்டும் கம்மல் டப்பாவும் அவள் கையில் இருந்தன.

"எதுக்கு மாப்ள பெரிய வார்த்தையெல்லாம்" என்றபடி ஜானகிராமன் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

குழந்தைக்குக் காது குத்தப்பட்டது.