வண்டிக் குளியல்

சூடு இன்னும் தணியவில்லை. வீட்டுக்காரர் புறங்கையை மெல்ல வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும். இப்பத் தண்ணி பட்டா அவ்வளவுதான்!"

ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்த அவர் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். போன மாதம் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது இந்தப் புறங்கை அவள் நெற்றிப் பக்கம் வரவே இல்லை. இப்போது அது தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது மோட்டார் சைக்கிள் எஞ்சினை. அடேயப்பா, என்ன கரிசனம்!

"சூடான இரும்புல பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விட்டுடும். உனக்கெங்க இதெல்லாம் தெரியப்போகுது? போய் காப்பி போடு" என்றார்.

காப்பியைச் சொட்டு விடாமல் உறிஞ்சி முடித்த பிறகுதான் குளியல் ஆரம்பமானது. சைலன்சர் வாய்க்கு பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றி ரப்பர் பேண்டு. சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, பஞ்சை அலச இன்னொரு வாளி. சக்கரத்துக்குத் தனித் துணி. அந்தத் துணி தப்பித் தவறி டேங்கில் பட்டால் மண் கீறிவிடுமாம். செயினைத் தேய்க்கப் பழைய பல் பிரஷ். வண்டி ஓடும்போது செயினைத் துடைத்தால் விரல் போய்விடும் என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தான் சாப்பிட்ட தட்டை இன்றுவரை அலம்பிப் பார்க்காத மனிதர்.

அந்த நேரத்தில்தான் மச்சான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். மனைவியின் தம்பி. வேலை தேடிக்கொண்டு ஒரு வருடமாக இந்த வீட்டில்தான் இருக்கிறான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஃபைல்.

"என்னடா ஆச்சு?" அக்கா ஓடி வந்தாள்.

"எட்டு மணிக்கு கேட்டை மூடிட்டாங்கக்கா. ரெண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள லேட்டாயிடுச்சு. அங்கேயே நின்னு கெஞ்சிப் பாத்தேன். வாட்ச்மேன் விடல."

கோடவுனில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஒரே ஒரு இடம். இதுவும் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் முன்பே கெடு வைத்திருந்தார்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மட்கார்டைத் துடைத்தபடி சிரித்தார்.

"லேட்டாயிடுச்சாம்! துரை எந்திரிக்கிற அழகுக்கு வேற என்ன ஆகும்?"

"ஆறு மணிக்கே ரெடியாயிட்டேன் மாமா. நீங்கதானே வண்டியில கொண்டு விடறேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். ஸ்டார்ட் ஆகலன்னா நான் என்ன பண்ணுவேன்? உன்னைத் தலையில வெச்சுத் தூக்கிட்டுப் போகவா? நீ போனப்புறமும் உதைச்சு உதைச்சு என் காலே வீங்கிப்போச்சு. மூச்சு விடல. மெக்கானிக் வரப்போறான். அழுக்கு வண்டியை எவன் தொடுவான்னுதான் கழுவி வைக்கிறேன்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க குடும்பத்துக்கே இதுதான் ராசி. ஒண்ணு தூங்குமூஞ்சி, இல்லன்னா அழுமூஞ்சி. ஒரு வண்டியைக் கழுவறதுக்கே எவ்வளவு பொறுமை வேணும் பாரு! சோறு மட்டும் நேரத்துக்குத் தின்னா போதுமா? சொன்ன சொல் சொன்னதுதான். சாயங்காலத்துக்குள்ள பெட்டியோட கிளம்பு."

மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஆத்திரம் பாய்ந்தது என்னவோ தம்பி மேல்தான்.

"வண்டியை நம்பாம நீயே நேரத்தோட கிளம்பியிருக்கக் கூடாதாடா? என் மானத்தை வாங்கறியே! இனிமே இவர்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு நான் பேசுவேன்?"

ஜன்னல் விளிம்பில் வீட்டுக்காரரின் போன் அடித்தது. "கை ஈரமா இருக்கு. எடுத்து ஸ்பீக்கர்ல போடு" என்று அதட்டினார். போட்டாள்.

பேசியது அவருடைய தம்பி. அடுத்த தெருவில் இருப்பவன்.

"அண்ணா! வேலை எனக்கே கிடைச்சிருச்சுண்ணா! ஸ்டோர் கீப்பர்! கேட்டைத் திறக்கறப்பவே போய் நின்னுட்டேன்ல? முதல் ஆளா கூப்பிட்டு, கையோட ஆர்டரும் குடுத்துட்டாங்க!"

"உங்க தம்பியும் அந்த வேலைக்குத்தான் போனாரா?" மனைவி திகைத்தாள். அவன் மனுப் போட்ட விஷயமே அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் ஈரக் கையாலேயே மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஏன், போகக் கூடாதா? கேட்டுக்கடா மச்சான்! அவன்கிட்ட என்ன வண்டியா இருக்கு? ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. எப்படி நேரத்துக்குப் போய் நின்னான் பாத்தியா? அதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்."

மச்சான் பெட்டியை எடுக்க உள்ளே போகத் திரும்பினான். மனைவி சட்டென்று அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். படியில் கிடந்த காலிக் காப்பி டம்ளரைப் பார்த்தாள். பிறகு பளபளவென்று நின்ற வண்டியைப் பார்த்தாள்.

அழுகை போன இடம் தெரியவில்லை.

"ஏங்க, ஸ்டார்ட்டே ஆகாத வண்டி எப்படிங்க சூடாச்சு?"