முப்பத்தெட்டு சைஸ் சட்டை

"அண்ணாச்சி, ஜிப்பாவுக்கும் சட்டைக்கும் என்ன வித்தியாசம்?"

குற்றாலநாதன் மடித்துக்கொண்டிருந்த பனியனைக் கீழே வைத்தார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருஷமாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அதிலும் கேட்பது பொன்செல்வி. அவள் புருஷன் இசக்கிராஜா ஜிப்பாவைத் தவிர வேறெதுவும் போடாதவன். நாற்பத்திநாலு சைஸ், எப்போதும் இந்தக் கடையில்தான் எடுப்பான்.

"ஜிப்பாவைத் தலைவழியா மாட்டணும். காலர் கெடையாது. கை லூசா கெடக்கும், கீழ ரெண்டு பக்கமும் ஓப்பன். நல்லாக் காத்து வரும்மா."

"காத்து வந்தா மத்ததும் உள்ள வருமே!"

"மத்ததுன்னா?"

அவள் பக்கத்தில் தொங்கிய சட்டைகளைப் பார்த்தாள். "சட்டை எப்படி?"

"காலர் உண்டு. முழுக்கைன்னா மணிக்கட்டுல பட்டனைப் போட்டுக்கிடலாம். ஈ எறும்பு நுழையாது."

"அப்போ சட்டையே குடுங்க. முழுக்கை. முப்பத்தெட்டு சைஸ்."

குற்றாலநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தெட்டு சைஸில் இசக்கிராஜாவின் ஒரு தோள்கூட நுழையாதே!

"யாருக்கும்மா?"

"ஒரு ஆளுக்கு."

"யாரு, சொந்தக்காரங்களா?"

"சட்டையைக் காட்டுங்க அண்ணாச்சி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நாலைந்தை எடுத்துப் போட்டார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள்.

"எல்லாம் புதுசால்லா இருக்கு?"

"நான் புதுசுதானேம்மா விக்கேன்!"

"நெறம் மங்கினது ஏதும் இருக்கா?"

வாசலில் மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. வெயிலில் தோள்பட்டை வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் பொன்செல்வியின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதேதான்! விலைச் சீட்டை இங்கனயே பிச்சுருங்க. பை வேண்டாம்."

வாங்கியதும் இரண்டு கையாலும் போட்டுக் கசக்கினாள். ஒயர்கூடையின் அடியில் திணித்தாள். மேலே கத்தரிக்காயைப் பரப்பி மூடிக்கொண்டு போய்விட்டாள்.

குற்றாலநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார் அந்த முப்பத்தெட்டு? அவள் ஊரான இளையரசனேந்தலில் ஒல்லியான ஆம்பளைகள் யார் யார்? மினி பஸ் டிரைவரா? பால்காரனா? அடுத்த வியாபாரத்துக்கு வந்தவரிடம் லுங்கிக்குப் பதிலாகத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

'நமக்கு எதுக்கு?' என்று ஒரு பக்கம் மனசு சொல்லத்தான் செய்தது. கை அதற்குள் செல்போனில் இசக்கிராஜாவின் நம்பரை அமுக்கிவிட்டது.

"இசக்கிராஜா, நான் கடையிலேருந்து பேசுதேன் வே. ஒம்ம வீட்ல பொன்செல்வி இங்கன வந்திருந்தா..."

"சட்டை கெடச்சுட்டா அண்ணாச்சி? முழுக்கைதானே? மூக்காண்டிக்கு முப்பத்தெட்டு சரியா இருக்கும்."

"எந்த மூக்காண்டி?"

"எங்க பக்கத்து வீடு. போன மாசம் தவறிட்டான்லா."

குற்றாலநாதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்தவனுக்கா சட்டை?"

"அவன் சம்சாரம் சங்கரம்மாளுக்கு. மக்காச்சோளக் காட்டுல தோகை கையைக் கிழிச்சுரும், சுணை வேற ஒட்டி அரிக்கும். பொம்பளைங்க எல்லாரும் சேலைக்கு மேல புருஷன் பழைய சட்டையைப் போட்டுக்கிட்டுதான் எறங்குவாங்க. மூக்காண்டி துணிமணி பூராத்தையும் பதினாறாம் நாள் காரியத்துல தானமா எடுத்துக் குடுத்துட்டாங்க. இப்ப சங்கரம்மா மட்டும் ஒண்ணும் போடாம எறங்குதா. கை பூரா கீறல் அண்ணாச்சி, பாக்க முடியல."

"ஒம்ம ஜிப்பா ஒண்ணைக் குடுத்திருக்கலாமே?"

"பொன்செல்வி அதைப் போட்டு எறங்கிப் பாத்தா. கைவழியா சுணை பூராவும் உள்ள போயிட்டு. அதுபோக, அடுத்தவன் உடுப்பைப் போட மாட்டேன்னுட்டா சங்கரம்மா. புதுசு எடுத்துக் குடுத்தாலும் தொட மாட்டா, ரோஷக்காரி. அதான், மூக்காண்டி எங்க மோட்டாரைச் சரிபண்ண வந்தப்ப கழட்டிப் போட்டுட்டுப் போன சட்டைன்னு சொல்லிக் குடுக்கப் போறோம்."

குற்றாலநாதனுக்கு அவமானமாக இருந்தது.

"விஷயம் வெளிய போச்சுன்னா அவ வீசி எறிஞ்சிருவா அண்ணாச்சி. டவுன்ல எத்தனையோ கடை இருக்கு. யாரு எதை வாங்கினாலும் ஏன் எதுக்குன்னு துருவாத ஆளு நீங்க ஒருத்தர்தான்னு நான்தான் அவளை உங்க கடைக்கு அனுப்பினேன்."

குற்றாலநாதன் வாசலில் அந்தச் சட்டை தொங்கிய வெற்றுக் கொக்கியைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும்... நீங்க எதுக்கு அண்ணாச்சி போன் போட்டீங்க?"