இரைச்சல் நீங்கிய குரல்

தேவிகுளத்தில் மழை பிடித்திருக்கும் பிற்பகல். ஜெகனின் கம்ப்யூட்டர் கடையில் மாரீஸ்வரி உட்கார்ந்திருக்கிறாள். தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர் தன்னிடம் பேசியதைச் செல்போனில் பதிந்து கொண்டுவந்திருக்கிறாள். துணைக்கு வந்த யூனியன் தலைவர் பெரியமுத்து பக்கத்தில் பழம்பொரி தின்கிறார். "மெஷின் எரைச்சல்ல ஒரு எளவும் கேக்காது தாயி, விட்ரு." அவர் உதட்டோரம் எண்ணெய் மினுங்குகிறது.

ஜெகன் பதிவை ஓர் இணையதளத்தில் ஏற்றுகிறான். ஒலி முழுவதும் திரையில் ஆரஞ்சு நிறப் புகையாக விரிகிறது. "அடியில தடியாக் கெடக்கே, இதான் மெஷின் சத்தம்க்கா," என்று அதை மட்டும் குறைக்கிறான். இரைச்சல் வடிய வடிய சூப்பர்வைசரின் குரல் மேலே வருகிறது. "சாயங்காலம் ஸ்டோர் ரூமுக்கு வா. இல்லன்னா வேலை கெடையாது." அவள் விறுவிறுவென்று வெளியேறும் செருப்புச் சத்தம். அதற்குப் பின்னால், அன்று அவள் காதில் விழாத இன்னொரு ஆணின் சிரிப்பு. "மொதல்ல முறுக்கத்தான் செய்வா. நான் பேசி அனுப்பி வைக்கேன்."

பெரியமுத்துவின் வாய் மெல்லாமல் நிற்கிறது. "கடைசியில உள்ளத வெட்டிரு தம்பி. அது வேற யாரோ." பதிவில் சிரித்த அதே குரல். "தாயி..." என்று அவள் தோளில் கை வைக்கிறார். ரவிக்கை வழியாக அந்த விரல்களின் பிசுபிசுப்பு அவள் தோலில் ஒட்டுகிறது. இத்தனை நாள் அண்ணாச்சி என்று கூப்பிட்ட நாக்கையே துப்பிவிடலாம் போலிருக்கிறது.

"கைய எடு."

மழைக்கு ஒதுங்கியவர்கள் வாசலிலிருந்து திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் ஜெகனிடம் சொல்கிறாள்: "இன்னொரு தடவ போடு தம்பி. சத்தமா வையி."