பானெட்டின் மேல் ஒரு கையெழுத்து

வடக்குக் கடற்கரைச் சாலையின் வளைவில் கார் நிற்கிறது. மாலை ஐந்தரை மணியாகியும் கோடை வெயில் இறங்க மனமில்லாமல் பாறைகளின் மேல் மஞ்சளாய்ப் படிந்து கிடக்கிறது. கீழே அலைகள் மோதிச் சிதறுகின்றன. அக்கா கண் எடுக்காமல் கடலையே பார்க்கிறாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்ட பதினோரு வருடத்தில் அவள் மருந்துக்கடையைத் தாண்டிப் போனதில்லை. அம்மா போன மூன்றாம் மாதம் தம்பி போன் செய்து, "ஒரு வாரம் கடலோரமா சுத்திட்டு வரலாம், வாக்கா" என்றபோது அழுதேவிட்டாள். இன்று இரண்டாம் நாள்.

"அக்கா, இங்க வா." தம்பி பானெட்டின் மேல் காகிதங்களைப் பரப்பி, காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருக்கிறான். "அம்மா வீட்டை வித்துடலாம்னு பேசி முடிச்சாச்சு. நீ கையெழுத்து போட்டா போதும்."

"அப்ப நான் எங்கடா இருப்பேன்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா. உனக்கு நான் இல்லையா?"

காருக்குள் தம்பி மனைவி கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறாள். இன்ஜின் சூடு தாளின் வழியே அக்காவின் மணிக்கட்டில் ஏறுகிறது. தம்பியின் பார்வை அவள் முகத்தில் இல்லை, பேனா முனையில் இருக்கிறது. அவன் காட்டிய மூன்று இடங்களிலும் போட்டுக்கொடுக்கிறாள்.

தாள்களை உறையில் செருகிவிட்டுத் தம்பி வானத்தை அண்ணாந்து பார்க்கிறான்.

"மழை வரும்போல இருக்குக்கா. இப்படியே வீட்டுக்குத் திரும்பிடலாம்."

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவள் ஏறி உட்காரும் முன்பே கார் வீடு இருக்கும் தெற்கே பார்த்துத் திரும்பி நிற்கிறது.